மே மாதம் ஒரு வாரம் வீட்டில் இருக்க மாட்டேன்: வாலிபர் முகாம் தொண்டர் ஒருவரிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் இருக்கிறேன். சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபை. 14 வருடமாக, ஒரே ஒரு வருடம் தவிர ஒவ்வொரு மே மாதமும், தென்காசிப் பக்கம் மலையடிவாரத்தில் நடக்கிற ஏழு நாள் வாலிபர் முகாமுக்குப் போய்வருகிறேன். பெண்பிள்ளைகள் தங்கும் அறைகளும் மருந்துப் பெட்டியும் என் பொறுப்பு. வீட்டில் கணவர், மாமியார், பிளஸ் ஒன் முடித்த மகள், ஆறாவது முடித்த மகன். சொந்தக்காரர்கள், பிள்ளையை அனுப்பும் பெற்றோர், புதிதாக வர நினைக்கிற தங்கச்சிமார் என்று எல்லாரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டது. அதனால் எழுதிவிட்டேன்.

நீங்கள் ஊழியக்காரரா? சம்பளம் உண்டா?

இல்லை. ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். முகாமில் சமையல்காரருக்கும் வாட்ச்மேனுக்கும் மட்டும்தான் சம்பளம். மற்ற எல்லாரும் சொந்தக் காசில் பஸ் ஏறி வருகிறவர்கள். ஆசிரியர்கள், நர்ஸ்கள், ஒரு ஆட்டோ ஓட்டுகிற அண்ணன், கல்லூரிப் பிள்ளைகள் என்று கலவையாக இருக்கும். என் மகள் முகாமுக்கு வந்த வருடங்களில் அவளுக்கும் முழுக் கட்டணம் கட்டினேன். "தொண்டருடைய பிள்ளைக்குச் சலுகை இல்லையா?" என்று என் நாத்தனார் கேட்டாள். சலுகை கொடுத்தால் அந்தப் பணத்தை யாரோ ஒரு பிள்ளையின் அப்பா கட்ட வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

ஏழு நாளும் அங்கே என்ன செய்வீர்கள்? முழுக்க ஜெபமா?

காலை 5.30க்கு மணி அடிக்கும். அரை மணி நேரம் ஆளுக்கொரு மரத்தடியில் தனித்தியானம். பாதிப் பிள்ளைகள் வேதப்புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தபடியே தூங்குவார்கள். நானும் தூங்கியிருக்கிறேன். அப்புறம் உடற்பயிற்சி, குளியல், இட்லி. காலையில் வேதபாடம், அதன்பின் பத்துப் பத்துப் பேராகக் குழுப் பேச்சு. வெயில் உச்சியில் நிற்கும்போது ஓய்வு. மாலையில் கபடி, எறிபந்து. இரவில் பாட்டு, நாடகம், ஒரு செய்தி. 10 மணிக்கு விளக்கை அணைத்துவிடுவோம். 10.45 வரை அறைக்குள் சிரிப்புச் சத்தம் கேட்கும். 10.50க்கு நான் போய்க் கதவைத் தட்டுவேன்.

குழுப் பேச்சைத்தான் நான் முகாமின் உயிர் என்று சொல்வேன். மேடையில் பேசுகிறவருக்கு யாரும் பதில் சொல்ல முடியாது. பத்துப் பேர் வட்டமாக உட்கார்ந்தால் ஒரு பையன் மெதுவாக, "அக்கா, எங்க அப்பா குடிக்கிறார், நான் எதுக்கு அவரைக் கனம்பண்ணணும்?" என்று கேட்பான். பதில் தெரியாமல் நாம் உட்கார்ந்திருக்கிற அந்த நிமிடம் அவனுக்கு வேண்டியிருக்கிறது.

இந்த முகாம் பழக்கம் எங்கிருந்து வந்தது?

சுருக்கமாகச் சொல்கிறேன். 1868இல் வேல்ஸ் நாட்டின் லாண்டட்னோ கடற்கரையில் ஜோசையா ஸ்பையர்ஸ் என்பவர் மணலில் 'தேவன் அன்பாகவே இருக்கிறார்' என்று பெரிதாக எழுதினார். விளையாட வந்த பிள்ளைகள் கூழாங்கல்லையும் கடல்பாசியையும் வைத்து அந்த எழுத்துகளை அலங்கரித்தார்கள். பிள்ளைகளுக்கு வேதம் சொல்லிக்கொடுக்கிற, ஸ்கிரிப்சர் யூனியன் என்று நாம் அறிந்திருக்கிற அமைப்பு வளர்ந்தது அந்த வழியில்தான். நம் பிள்ளைகள் போகிற விபிஎஸ்ஸின் (விடுமுறை வேதாகமப் பள்ளி) தொடக்கங்களில் ஒன்று 1898 நியூயார்க். தெருவில் திரிந்த பிள்ளைகளைக் கோடையில் கூட்டிவைத்துப் பாடம் சொல்ல எலைசா ஹாஸ் என்ற அம்மையாருக்குக் கிடைத்த இடம் ஒரு பீர் கடைக் கூடம். அதை வாடகைக்கு எடுத்துத்தான் நடத்தினார். 'இந்த மண்டபம் கொடுத்தால்தான் முகாம் நடக்கும்' என்று கமிட்டியில் சண்டை போடுகிறவர்களிடம் இந்தக் கதையைச் சொல்வேன்.

நீங்கள் போன வாரத்தில் வீட்டை யார் பார்க்கிறார்கள்?

இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஆண் தொண்டர்களிடம் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

மாமியாருக்கு 74 வயது. சர்க்கரை மாத்திரையைக் காலை, இரவு என்று டப்பாவில் பிரித்து வைத்துவிட்டுப் போவேன். மாவு மூன்று நாளைக்கு வரும். நான்காம் நாள் கடை மாவு. என் வீட்டுக்காரருக்கு ரசமும் முட்டைப் பொரியலும் மட்டும் தெரியும். அதையே ஒரு வாரம் வைப்பார். முதல் வருடம் நான் திரும்பி வந்தபோது குக்கர் வெயிட்டைக் காணவில்லை. இரண்டு நாள் தேடியபிறகு அரிசி டின்னுக்குள் கிடைத்தது. எப்படிப் போனது என்று இன்றுவரை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

இப்போது பரவாயில்லை. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். ஏழு நாள் என்று சொல்கிறோமே, அது சரியான கணக்கு இல்லை. பிப்ரவரியிலிருந்து சனிக்கிழமை மாலைகளெல்லாம் ஆயத்தக் கூட்டத்துக்குப் போய்விடும். முகாம் முடிந்து வந்தால் இரண்டு நாள் நான் வீட்டில் இருந்தும் இல்லாத மாதிரி. உடம்பு படுத்திருக்கும், காதில் அந்தப் பிள்ளைகளின் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். வீட்டில் என்ன நடந்தது என்று கேட்காமல் முகாமில் என்ன நடந்தது என்றே பேசிக்கொண்டிருப்பேன். இந்தக் கணக்கையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்று எனக்குப் புரிய ஏழெட்டு வருடம் ஆனது.

உங்கள் பிள்ளைகள் என்ன சொல்கிறார்கள்?

மகளுக்கு இரண்டு வயதில் இடுப்பில் தூக்கிக்கொண்டுதான் முதல் முகாமுக்குப் போனேன். அப்போது அவளுக்கு அது திருவிழா. 13 வயதில் முகாம் பிள்ளையாகவே வந்தாள். அந்த வருடம் ஒரு பெண் இரவு 2 மணிக்கு வாந்தி எடுத்துப் பாயை நாசமாக்கிவிட்டாள். அதைச் சுத்தம் செய்து, அவளுக்கு ஓஆர்எஸ் கரைத்துக் கொடுத்து, "ஒண்ணுமில்லம்மா, தூங்கு" என்று தலையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் மகள் அடுத்த பாயில் விழித்துக்கொண்டு படுத்திருந்தது எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்து ஒரு மாதம் கழித்து, தம்பி சோற்றுத் தட்டைக் கொட்டியதற்கு நான் கத்தினேன். கொஞ்சம் அதிகமாகவே கத்தினேன். அவள் அமைதியாகச் சொன்னாள்: "அம்மா, முகாம்ல இருக்கிற அந்த அக்கா எங்க வீட்டுக்கும் ஒரு நாள் வந்தா நல்லா இருக்கும்."

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. வேதத்தில் ஏலி என்கிற ஆசாரியன் கதை இருக்கிறது. சாமுவேல் என்கிற வேறு வீட்டுப் பிள்ளையை ஆலயத்தில் வைத்து நன்றாக வளர்த்தவன், தன் சொந்தப் பிள்ளைகளை அடக்காமல் விட்டான். ஊழியம் செய்கிற குடும்பங்களில் இந்தக் கதையைப் பயத்தோடுதான் வாசிப்போம். நான் ஏலிக்கு நேர் எதிர். கண்டிப்பு எல்லாம் என் பிள்ளைகளுக்கு, பொறுமை எல்லாம் ஊரார் பிள்ளைகளுக்கு.

அடுத்த வருடம் நான் போகவில்லை. வீட்டில் இருந்தேன். அதுவும் சரிப்படவில்லை. அந்த வாரம் முழுக்க மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன் என்று வீட்டுக்காரர் சொல்கிறார். மறு வருடம் அவரே பையைக் கட்டிக் கொடுத்து, "நீ போய்ட்டு வா, நாங்க நிம்மதியா இருப்போம்" என்று அனுப்பினார்.

தினமும் குடும்ப ஜெபம் உண்டா?

உண்டு, ஆனால் நீங்கள் கற்பனை செய்கிற மாதிரி இல்லை. இரவு 9 மணிக்கு ஹாலில் உட்காருவோம். ஒரு பாமாலைப் பாட்டு, ஒரு அதிகாரம், ஜெபம். முதலில் அரை மணி நேரம் வைத்துப் பார்த்தோம். மகன் மூன்றாம் நிமிடமே சாய்ந்துவிடுவான். இப்போது பத்து நிமிடம், அவ்வளவுதான். மகளுக்குப் பரீட்சை இருந்தால் ஐந்து. யாருக்காவது யாரிடமாவது கோபம் இருந்தால் பாட்டில் சுருதி சேராது. அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

எங்கள் அத்தை (மாமியாரைத்தான் சொல்கிறேன்) ஜெபித்தால் மட்டும் நேரக் கணக்கு இல்லை. ஊரைச் சுற்றி வருவார்கள். மெஞ்ஞானபுரத்தில் இருக்கிற தம்பி குடும்பம், மும்பையில் இருக்கிற கொழுந்தன் மகன், கீழ்வீட்டு ஆச்சியின் மூட்டு வலி, பால்காரர் மகளின் கல்யாணம் எல்லாம் பெயர் பெயராக வரும். கீழ்வீட்டு ஆச்சி தினமும் சாயங்காலம் வாசலில் விளக்கேற்றுகிறவர்கள். "எனக்கும் சேர்த்து உங்க சாமிகிட்ட சொல்லிருங்க" என்று அவர்களே வந்து சொல்லிவிட்டுப் போவார்கள். மூட்டு வலி குறையவில்லை. ஆனாலும் வாரம் ஒரு தடவை எங்களுக்குச் சுண்டல் வருகிறது.

ஜெபிக்கிற வீட்டில் சண்டை வருமா?

வரும். போன வருடம் முகாமுக்குக் கிளம்புகிற அன்று காலையில்தான் கேஸ் புக் செய்ய யார் மறந்தது என்பதில் வந்தது. பஸ் ஸ்டாண்டு வரை இரண்டு பேரும் பேசவில்லை. பஸ் புறப்படும்போது ஜன்னல் வழியாக ஒரு தண்ணீர் பாட்டிலை நீட்டினார். வாங்கிக்கொண்டேன். அன்று மாலை நான் எடுக்க வேண்டிய பாடத்தின் தலைப்பு 'மன்னிப்பு'.

பிளஸ் டூ ரிசல்ட் முகாம் நடக்கும்போது வந்தால் என்ன செய்வீர்கள்?

இது எங்களுக்கு வருடா வருடம் இருக்கிற தலைவலி. தமிழ்நாட்டில் பிளஸ் டூ, பத்தாம் வகுப்பு ரிசல்ட் இரண்டும் மே மாதத்தில் வருவதே வழக்கம். நீட் தேர்வும் மே முதல் வாரத்தை ஒட்டி வரும். முகாம் தேதியை எப்படி மாற்றினாலும் ஏதோ ஒன்றில் மாட்டிக்கொள்வோம்.

முகாமில் போன்களை முதல் நாளே வாங்கிப் பெயர் எழுதிப் பெட்டியில் பூட்டிவிடுவோம். மாலையில் வீட்டுக்குப் பேச 10 நிமிடம் கிடைக்கும். சில வருடங்களுக்கு முன்னால் மூன்றாம் நாள் காலை 9.30க்கு ரிசல்ட் என்று தெரியவந்தது. மேடையில் அறிவித்துவிட்டு எல்லாரும் சேர்ந்து ஜெபிக்கலாம் என்றார்கள் சிலர். நான் வேண்டாம் என்றேன். நூறு பேர் முன்னால் ஒரு பிள்ளை தன் மார்க்கைத் தெரிந்துகொள்ளக் கூடாது. கடைசியில், எழுதியிருந்த 19 பேரையும் ஒவ்வொருவராக அலுவலக அறைக்குக் கூப்பிட்டோம். அங்கே ஒரு போனும் நானும்.

17 பேர் சிரித்துக்கொண்டே வெளியே போனார்கள். ஒரு பையனுக்கு நினைத்ததைவிடக் குறைவு. கொஞ்சம் முகம் வாடிப் போனான். கடைசியாக வந்த பெண்ணுக்கு இயற்பியல் போய்விட்டது. அவள் அழவே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பின்பக்கம் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு புளியமரம் உண்டு. அங்கே போய் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். வசனம் எதுவும் சொல்லவில்லை. அந்த நேரத்தில் வசனம் சொன்னால் அது வாயை அடைக்கிற துணி மாதிரி ஆகிவிடும். ஒரு மணி நேரம் கழித்து, "அப்பாகிட்ட நீங்க சொல்றீங்களா அக்கா?" என்றாள்.

சொன்னேன். அவர் கட்டட வேலை செய்கிறவர். சாரத்தின் மேல் நின்றுகொண்டு பேசினார் போல, பின்னால் ஒரே சத்தம். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "அவ சாப்பிட்டாளா?" என்று கேட்டார். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அப்போதுதான் அவள் அழுதாள். ஜூன், ஜூலையில் துணைத்தேர்வு நடக்கும், அதே வருடம் கல்லூரியில் சேரலாம் என்பதை அவருக்கு விளக்கினேன். அன்றிலிருந்து மருந்துப் பெட்டிக்குள் துணைத்தேர்வு விவரம் எழுதிய ஒரு தாளும் இருக்கிறது. மனநல ஆலோசனை தெரிந்த ஒரு அக்காவையும் ரிசல்ட் வாரத்தில் முகாமிலேயே தங்க வைக்கிறோம்.

முகாமில் அழுது தீர்மானம் எடுத்த பிள்ளை, ஒரு மாதத்தில் பழையபடி ஆகிவிடுகிறானே?

கடைசி இரவைப் பற்றிக் கேட்கிறீர்கள். விளக்கைக் குறைத்து, மெதுவாகக் கீபோர்டு வாசித்து, "இயேசுவுக்குத் தங்களை ஒப்புக்கொடுக்கிறவர்கள் முன்னால் வாருங்கள்" என்று கூப்பிடும்போது 16 வயதுப் பிள்ளைகளுக்கு அழுகை வராமல் எப்படி இருக்கும்? பக்கத்தில் இருப்பவள் அழுதாலே வந்துவிடும். ஏழு நாள் தூக்கமில்லாத உடம்பு வேறு. அதைப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் எத்தனை கை உயர்ந்தது என்று எண்ணி அறிக்கையில் எழுதுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. கமிட்டியில் இதைச் சொல்லி இரண்டு வருடம் கெட்ட பெயர் வாங்கினேன். இப்போது எண்ணுவதில்லை.

பிள்ளை பழையபடி ஆகிறான் என்றால், அவன் திரும்பி வந்த வீடும் பழையபடிதான் இருக்கிறது. முகாம் முடிந்த மூன்றாம் வாரம், பெற்றோரையும் கூப்பிட்டு ஒரு ஞாயிறு மதியம் சோறு போட்டுப் பேசச் சொல்கிறோம். வருகிறவர்கள் பாதிப் பேர். அந்தப் பாதிப் பேரின் பிள்ளைகளிடம் ஒரு வித்தியாசம் தெரிகிறது என்பது என் கண்ணுக்குப் பட்டது.

பெண்பிள்ளையை அனுப்பலாமா? பாதுகாப்பு எப்படி?

கேளுங்கள், கேட்காமல் அனுப்பாதீர்கள். எங்கள் முகாமுக்கு மட்டும் சொல்லவில்லை, எந்த முகாமாக இருந்தாலும் இந்தக் கேள்வியைக் கேட்டால் கோபப்படுகிற இடத்துக்கு அனுப்ப வேண்டாம்.

2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி 18 வயது நிறையாத எல்லாரும் குழந்தைகள். ஒரு குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்தது என்று தெரிந்தால் போலீசிலோ சிறார் காவல் பிரிவிலோ சொல்லியே ஆக வேண்டும், மறைப்பது குற்றம். 'ஐயரிடம் சொல்லிச் சபைக்குள்ளேயே பேசித் தீர்த்துக்கொள்ளலாம்' என்கிற பேச்சுக்கே இடமில்லை. (எங்கள் பக்கம் சபை குருவை ஐயர் என்றுதான் கூப்பிடுவோம்.) குழந்தைகள் உதவி எண் 1098 ஒவ்வொரு அறைக் கதவிலும் ஒட்டியிருக்கும். எந்தத் தொண்டரும், நான் உட்பட, ஒரு பிள்ளையோடு மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது. ரிசல்ட் அன்று அலுவலக அறையில் ஒவ்வொருவராகப் பார்த்தபோதும் கதவு திறந்தேதான் இருந்தது, வாசலில் இன்னொரு டீச்சர் உட்கார்ந்திருந்தார்.

அருவிக் குளியல் கிடையாது. இதில் பிள்ளைகளுக்கு வருத்தம். குற்றாலம் பக்கத்தில் இருக்கிறது, ஆனால் சாரல் ஜூனில்தான். மே மாதத்தில் பெரும்பாலும் பாறைதான் தெரியும். அதை நம்பியும் போக முடியாது. 2024 மே 17ஆம் தேதி மலையில் பெய்த மழையால் பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் வந்து ஒரு மாணவன் இறந்தான். அதற்குப் பிறகு இந்தப் பேச்சையே யாரும் எடுப்பதில்லை.

கிறிஸ்தவர் அல்லாத பிள்ளைகள் வரலாமா?

வருகிறார்கள், தோழிகளோடு. என்ன நடக்கும் என்று எழுதிய தாளைப் பெற்றோரிடம் முதலிலேயே கொடுத்து, கையெழுத்து வாங்கிய பிறகுதான் சேர்ப்போம். என் மகளின் வகுப்புத் தோழி ஒருத்தி வந்தாள். வெள்ளிக்கிழமை கறி சாப்பிட மாட்டாள். அவளுக்கு மட்டும் கத்தரிக்காய்க் குழம்பு வைத்தோம். அதைப் பார்த்துவிட்டு எட்டுப் பேர் கத்தரிக்காய் கேட்டார்கள். அவள் பொட்டு வைத்துக்கொண்டுதான் ஏழு நாளும் இருந்தாள். ஒரு புதுத் தொண்டர் அதைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினேன்.

நூறு பேருக்கு மேல் எப்படிச் சமைக்கிறீர்கள்?

நான் சமைப்பதில்லை, எங்கள் தவசிப்பிள்ளை சமைக்கிறார். கல்யாண வீட்டுச் சமையல் செய்கிறவர். அசனப் பண்டிகைக்கு (சபையில் வைக்கிற பொது விருந்து) ஊரே சாப்பிடுகிற அளவுக்கு ஆக்குகிறவருக்கு நூறு பேர் ஒரு பொருட்டே இல்லை. அவர் கணக்கு: மதியச் சாப்பாட்டுக்கு 110 பேருக்கு 14 கிலோ அரிசி. முதல் நாள் 12 போதும், பிள்ளைகள் வீட்டு நினைப்பில் சரியாகச் சாப்பிட மாட்டார்கள். கபடி ஆரம்பித்த பிறகு 15. இந்த ஒரு விஷயத்தில் அவர் எங்கள் எல்லாரையும்விட வாலிபர் மனத்தைப் படித்தவர் என்று தோன்றும். கடைசி நாள் மட்டன் பிரியாணி. சீரகத் தண்ணீர் எப்போதும் இருக்கும், ஏனென்றால் வெயிலில் மயங்கி விழுகிறவர்கள் என்னிடம்தான் வருவார்கள்.

புதிதாகத் தொண்டராக வர என்ன வேண்டும்?

உங்கள் சேகரத்து (பக்கத்துச் சபைகள் சேர்ந்த பிரிவு) ஐயரிடமிருந்து ஒரு கடிதம். சொந்த டார்ச், சொந்தப் பாய். கொசுவர்த்தி நாங்கள் தருவோம். பாடத் தெரிய வேண்டிய அவசியம் இல்லை. பாடத் தெரிந்தவர்கள் தேவைக்கு மேல் இருக்கிறார்கள். கழிப்பறை அடைத்துக்கொண்டால் யாரையும் கூப்பிடாமல் சரி செய்யத் தெரிந்தால் உடனே வாருங்கள். கல்யாணம் ஆனவர் என்றால் வீட்டில் கேட்டீர்களா என்று நான் கேட்பேன். "அவங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்று பதில் வந்தால், போய்க் கேட்டுவிட்டு வரச் சொல்வேன்.

இன்னும் எத்தனை வருடம் போவீர்கள்?

தெரியவில்லை. அத்தைக்கு இப்போது படியேறுவது சிரமம். அதனால் இந்த வருடம் நான்கு நாள்தான் வருவேன் என்று சொல்லிவிட்டேன். கடைசி மூன்று நாளுக்கு மருந்துப் பெட்டியை ஒரு நர்ஸ் தங்கச்சி பார்த்துக்கொள்வாள். மகள் இந்த முறை முகாம் பிள்ளையாக வரவில்லை. தவசிப்பிள்ளைக்குக் கூடமாட நின்று வெங்காயம் உரிக்கிறேன் என்று அவளாகவே பெயர் கொடுத்திருக்கிறாள். இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் போகிறோம். நேற்று என் வீட்டுக்காரர் கிரைண்டர் முன்னால் நின்று, நாலு பங்கு அரிசிக்கு எத்தனை பங்கு உளுந்து என்று அத்தையிடம் கேட்டுச் சுவரில் பென்சிலால் குறித்துக்கொண்டிருந்தார்.